என் வீட்டுக்காரரின் இரண்டு ஆபரேஷன்கள்

எங்கள் தெருவில் குடும்பக் கட்டுப்பாட்டு நர்ஸ் நுழையாத ஒரே வீடு எங்கள் வீடுதான். ராஜகீழ்ப்பாக்கத்தில் அப்போது வீடுகள் குறைவு, காலி மனைகள் அதிகம். மாதத்தில் ஒரு நாள் அந்த அம்மா தடித்த ரெஜிஸ்டர் ஒன்றை இடுப்பில் இடுக்கிக்கொண்டு வருவார். பிள்ளை பெறும் வயதில் தம்பதி இருக்கும் வீடுகளில் எல்லாம் நின்று, எத்தனை பிள்ளை, கடைசிப் பிள்ளைக்கு என்ன வயது, காப்பர்-டி போட்டுக்கொள்கிறாயா, ஆபரேஷன் செய்துகொள்கிறாயா என்று விசாரிப்பார். வலது பக்கத்து வீட்டில் கேட்பார், இடது பக்கத்து வீட்டில் கேட்பார். என் வாசலுக்கு வந்தால் ஒரு சிரிப்பு சிரித்துவிட்டுப் போய்விடுவார்.

எனக்குக் கல்யாணமாகி நான்கு வருஷம் ஆகியும் வயிறு திறக்கவில்லை. இந்த மலடியிடம் கேட்டு என்ன ஆகப்போகிறது என்று அவர் நினைப்பதாக எனக்குத் தோன்றும். பிள்ளை வேண்டாம் என்று சொல்வதற்குக்கூட ஒரு யோகம் வேண்டியிருக்கிறதே என்று உள்ளே போய் அரிசி களைவேன்.

நான் இரண்டாம் தாரம். எண்பதுகளின் நடுவில் கல்யாணம் நடந்தபோது எனக்கு இருபத்தேழு வயது. கிழக்குத் தாம்பரத்தில் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். அவர் யூனியன் ஆபீஸில் கிளார்க். முதல் மனைவி மஞ்சள் காமாலையில் போய்விட்டாள். ஏழு வயதில் ஒரு பெண்ணும் ஐந்து வயதில் ஒரு பையனும் இருந்தார்கள். பெண் பார்க்க அவரும் அவருடைய அக்காவும் வந்தார்கள். தாய் தகப்பன் இல்லாத அவருக்கு அந்த அக்காதான் எல்லாம். திருநீர்மலையில் நிலபுலத்தோடு இருந்தவர், பேச்சில் யாரையும் மடக்கிவிடுவார். தாயில்லாப் பிள்ளைகளை வளர்ப்பதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டேன், அதையும் நேரே கேட்கக் கூச்சப்பட்டு அம்மாவைக் கேட்கச் சொன்னேன். எனக்கென்று ஒரு குழந்தை பெற்றுக்கொள்ளத் தடை ஒன்றும் இல்லையே?

"அதுக்கின்னாம்மா, தாராளமா பெத்துக்கட்டும். ரெண்டோட மூணா வளருது" என்றார் அக்கா.

அவர் காபி டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார். கூச்ச சுபாவம் என்று நினைத்தேன். அதற்காகவே எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று. என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

முதல் வருஷம் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டாம் வருஷம் தெருவே டாக்டராகிவிட்டது. நானும் தாம்பரத்தில் ஒரு லேடி டாக்டரிடம் போனேன். அவர் என் கதையைக் கேட்டதும், "அவருக்குத்தான் ரெண்டு இருக்கே, அப்ப உங்களைத்தான் பார்க்கணும்" என்றார். படித்த டாக்டரும் படிக்காத பக்கத்து வீட்டுக்காரியும் அதில் ஒரே மாதிரிதான் யோசித்தார்கள். குற்றம் சொல்ல மாட்டேன், நானும் அப்படித்தான் யோசித்தேன். கண்ணெதிரே இரண்டு பிள்ளைகள் பையை மாட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் போகும்போது, பெற்றவரைச் சோதிக்க வேண்டும் என்று யாருக்குத் தோன்றும்?

கர்ப்பப்பையைச் சுரண்டிப் பார்த்தார்கள், ஒரு தடவைக்கு இரண்டு தடவை. குழாயில் மருந்து ஏற்றி எக்ஸ்ரே எடுத்தார்கள். அந்த வலியில் மேஜையின் இரும்பு விளிம்பைப் பிடித்ததில் விரல்கள் கன்றிப்போய் நாலு நாள் டைப் அடிக்க முடியவில்லை. பிறகு தினமும் படுக்கையை விட்டு எழுவதற்கு முன் வாயில் தெர்மாமீட்டர் வைத்து, வந்த எண்ணை கிராஃப் நோட்டில் புள்ளியாக வைக்கச் சொன்னார்கள். இரண்டு வருஷம் புள்ளி வைத்தேன். அந்த நோட்டை வாங்கி வந்து கொடுத்ததே என் வீட்டுக்காரர்தான். அது தீர்ந்தபோது நான் கேட்காமலே இன்னொன்று வாங்கி வந்தார்.

நாத்தனாரும் சும்மா இருக்கவில்லை. சஷ்டியில் இருந்தால் அகப்பையில் வரும் என்று சொல்லி மாதாமாதம் என்னைப் பட்டினி போட்டார். திருநீர்மலையில் படியேறி ரங்கநாதரைச் சேவித்துவிட்டு மரத்தில் சின்னத் தொட்டில் ஒன்று கட்டச் சொன்னார். கட்டினேன். முடிச்சு சரியாக விழவில்லை என்று அவரே அவிழ்த்து இறுக்கிக் கட்டினார்.

இப்படி நான்கு வருஷம் போன பிறகு ஒரு நாள், லீவில் வீட்டில் இருந்தபோது, அந்த நர்ஸ் வழக்கம்போல் சிரித்துவிட்டு நகர்ந்தார். எனக்குப் பொறுக்கவில்லை. எங்கள் வீட்டில் மட்டும் ஏன் ஒன்றும் கேட்பதில்லை என்று வழிமறித்துக் கேட்டுவிட்டேன்.

அவர் ரெஜிஸ்டரைத் திறந்து விரலை வைத்துக் காட்டினார். "உங்க வூட்ல இன்னாக்கா கேக்கறது? ரெண்டு புள்ள. சாருக்கு ஆபரேஷன் ஆயிடுச்சு. நிரந்தர முறைன்னு எழுதிக்கீது பாருங்க. எல்லா வூடும் உங்க வூடு மாதிரி இருந்தா எனக்கு இந்த அலைச்சல் ஏன்?"

அவருக்கு முன்னால் இருந்த நர்ஸ் எழுதிய வரி அது. வீட்டு எண், என் வீட்டுக்காரர் பெயர், பெண் ஒன்று ஆண் ஒன்று, கணவருக்குக் கருத்தடை அறுவை. புதிதாக வந்த இந்த அம்மாவுக்கு நான் இரண்டாம் தாரம் என்று தெரியாது. இரண்டும் நான் பெற்றவை என்று நினைத்து, ஆண் ஆபரேஷன் செய்துகொண்ட அபூர்வமான வீடு என்று எங்கள்மேல் மரியாதையே வைத்திருந்தார். நான் ஆமாம் ஆமாம் என்றேன். தண்ணீர் கொடுத்தேன். அவர் குடித்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனார்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். அந்தச் சோற்றை நான்கு வருஷம் உட்கார்ந்து தின்றவள் நான் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. அழுகை வரவில்லை. பீரோவைத் திறந்து என் எக்ஸ்ரேக்களையும் கிராஃப் நோட்டுகளையும் எடுத்துக் கூடத்தில் அவர் உட்காரும் நாற்காலியில் அடுக்கி வைத்தேன்.

சாயங்காலம் வந்தவர் அதைப் பார்த்ததுமே புரிந்துகொண்டார். மறுக்கவில்லை, அது ஒன்றுதான் அவர் செய்த நல்ல காரியம். நின்றபடியே சொன்னார். எங்கள் கல்யாணத்துக்கு மூன்று வருஷம் முன்பு நடந்ததாம். அந்த நாளில் மார்ச் வந்தால் ஒவ்வொரு ஆபீஸிலும் இத்தனை பேரை ஆபரேஷனுக்குப் பிடித்துக் கொடு என்று நெருக்குவார்கள். "கேஸ்" என்றே பெயர். இவருக்கு ஒரு கேஸும் சிக்கவில்லை. முதல் மனைவிக்கு ரத்தம் குறைவு, அவளுக்குச் செய்ய முடியாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். இரண்டு பிள்ளைகள் போதும் என்று இருந்ததால், கோவளம் பக்கம் நடந்த முகாமில் தானே போய்ப் படுத்துவிட்டார்.

அதில் எனக்குக் கோபமே இல்லை. பெண்டாட்டியைப் படுக்க வைக்காமல் தான் படுத்த ஆம்பளைகளை எங்கள் பக்கத்தில் விரல்விட்டு எண்ணிவிடலாம். சொல்லியிருந்தால் பெருமைப்பட்டிருப்பேன். ஏன் சொல்லவில்லை என்றுதான் கேட்டேன். முகாமுக்குக் கூட்டிப்போனவர், இது குழாய் மூடுகிற மாதிரிதான், வேண்டும்போது திறந்துகொள்ளலாம் என்று சொல்லியிருந்தாராம். அதனால் சமயம் வரும்போது போய்த் திறந்துகொள்ளலாம் என்று இருந்தாராம். நான்கு வருஷமாக அந்தச் சமயம் வரவில்லையாம். சரி, என்னை ஏன் எக்ஸ்ரே மேஜையில் படுக்கவிட்டீர்கள்?

"டாக்டர்கிட்ட போயிட்டு வந்தா உனக்கு மனசு ஆறுமேன்னு விட்டுட்டேன்" என்றார்.

அந்தப் பதிலை நான் இன்றைக்கும் மன்னிக்கவில்லை.

மறுநாளே திருநீர்மலைக்குப் போய் நாத்தனாரிடம் கேட்டேன். அவர் கொஞ்சமும் கலங்கவில்லை. முறத்தில் உளுந்து புடைத்தபடியே பதில் சொன்னார். "உனக்குன்னு ஒண்ணு வந்துட்டா, தாயில்லாத இதுங்களைத் திரும்பிப் பாப்பியா? ஊர்ல எத்தினி பாத்துகினு கீறேன். அதான் சொல்ல வேணான்னு நான்தான் தம்பிகிட்ட சொன்னேன்." அந்தப் பெண்ணுக்கு அம்மை போட்டபோது வேப்பிலையோடு இருபது நாள் பக்கத்தில் படுத்திருந்தவள் நான். அதெல்லாம் அவர் கணக்கில் வரவில்லை. அப்படியானால் தொட்டில் ஏன் கட்டச் சொன்னீர்கள் என்றதற்கு, பெருமாள் நினைத்தால் எதுவும் நடக்கும் என்றார். பெருமாளையும் கூட்டுச் சேர்த்துக்கொண்டவரிடம் என்ன பேச? திரும்பி வந்துவிட்டேன்.

அம்மா வீட்டுக்குப் போகலாமா என்று யோசித்தேன். பிள்ளைகள் இரண்டும் என் முந்தானையை விடவில்லை, அதுவும் உண்மை. ஆனால் நான் தங்கியது அதனால் மட்டும் இல்லை. எனக்கு முப்பத்தொன்று ஆகிவிட்டது, குழந்தை வேண்டும். அதை இந்த மனிதரிடமிருந்து வாங்காமல் விடுவதில்லை என்று ஒரு வெறி. திறக்கலாம் என்றீர்களே, வாருங்கள் திறக்க என்று மின்சார ரயிலேற்றிப் பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றுக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

இதை ஆண்கள் யாராவது படித்தால் இந்த இடத்தைத் தாண்டிப் போக வேண்டாம். அங்கே இருந்த சர்ஜன் நிதானமானவர். பேப்பரில் படம் போட்டுக் காட்டினார். நான்தான் கேள்வி கேட்டேன், இவர் சுவரில் ஓடிய பல்லியைப் பார்த்துக்கொண்டிருந்தார். வெட்டுவது கால் மணி நேர வேலை, சேர்ப்பது அப்படியில்லை என்றார். மயக்கம் கொடுத்து, மைக்ராஸ்கோப் வைத்து, தலைமுடியைவிட மெல்லிய நூலால் இரண்டு முனைகளையும் தைக்க வேண்டும், மணிக்கணக்கில் ஆகும். தைத்தாலும் திரும்ப அடைத்துக்கொள்ளலாம். அடைக்காவிட்டாலும், இத்தனை வருஷம் உள்ளேயே தேங்கிய உயிரணுக்களை உடம்பே எதிரியாக நினைத்து எதிர்க்கப் பழகியிருக்கலாம். வெட்டி எத்தனை வருஷம் ஆயிற்றோ அந்த அளவுக்கு வாய்ப்பு குறையும். ஏழு வருஷம் ஆகியிருந்தது. கல்யாணத்துக்கு முன்பே வந்திருந்தால் நல்லது என்றார். நான் இவரைத் திரும்பிப் பார்த்தேன். பல்லி போய்விட்டிருந்தது, இவர் அந்த வெறும் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சர்ஜன் இன்னொன்றும் சொன்னார். அதைச் சொல்லும்போது மட்டும் இவர் பக்கம் திரும்பி, இரண்டு தடவை சொன்னார். ஆபரேஷன் ஆன மூன்றாம் மாதம் உயிரணு வருகிறதா என்று டெஸ்ட் செய்ய வேண்டும். அதில் ஒன்றும் இல்லை என்று வந்தால் முடிந்தது என்று நினைக்கக் கூடாது. சிலருக்கு ஆறு மாதம் ஆகும், ஒரு வருஷம்கூட ஆகும். விடாமல் வந்து டெஸ்ட் கொடுத்துக்கொண்டிருக்க வேண்டும். இவர் சரி சார், சரி சார் என்று இரண்டு தடவையும் தலையாட்டினார்.

ஐப்பசியில் ஆபரேஷன் நடந்தது. தைக்கும்போது உள்ளிருந்து வந்த திரவத்தில் உயிரணு தெரிந்தது, நம்பலாம் என்று வெளியே வந்து சர்ஜன் சொன்னார். அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். ஆபீஸிலும் தெருவிலும் ஹெர்னியா ஆபரேஷன் என்று சொல்லியிருந்தார். வெட்டியதையும் மறைத்தார், சேர்த்ததையும் மறைத்தார். அவருக்கு உடம்பு முழுக்க ரகசியம். நானும் கூடச் சேர்ந்து ஹெர்னியா என்றேன். சைக்கிள் ஓட்டக் கூடாது, பாரம் தூக்கக் கூடாது, சில வாரம் தள்ளிப் படுக்க வேண்டும். தெருமுனை அடிபம்பிலிருந்து அத்தனை குடம் தண்ணீரையும் நான்தான் சுமந்தேன். சாருக்கு ஹெர்னியா வந்தாலும் வந்தது, உங்களுக்கு இடுப்பு ஒடியுது என்று பக்கத்து வீட்டு அக்கா கிண்டல் செய்வார். எனக்கு அந்தக் கனம் தெரியவே இல்லை. அந்த மூன்று மாதம் நான் சந்தோஷமாக இருந்தேன் என்றுதான் சொல்ல வேண்டும். அவரை மன்னித்துவிட்டதாகக்கூட நினைத்துக்கொண்டேன்.

தை மாதம் டெஸ்ட் கொடுத்துவிட்டு வந்தார். ரிப்போர்ட்டில் 'இல்லை' என்று ஒரே வார்த்தை. கூடத்தில் பாயைப் போட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிட்டார். இதோடு முடிந்தது, இனி இந்தப் பேச்சை எடுக்காதே என்றார். சர்ஜன் சொன்னதை ஞாபகப்படுத்தினேன். அந்த லேபில் கையில் டப்பாவைக் கொடுத்துப் பாத்ரூமுக்கு அனுப்புகிறார்கள், வெளியே வந்தால் நாலு பேர் பார்க்கிறார்கள், இனி அந்த வாசலை மிதிக்க மாட்டேன் என்றார். நான் எத்தனை மேஜையில், எத்தனை பேர் முன்னால் படுத்தேன் என்று நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிவிட்டேன். பாவமாக இருந்தது அவரைப் பார்க்க.

அதற்குப் பிறகு நாங்கள் அதைப் பற்றிப் பேசவில்லை. சாதாரணப் புருஷன் பெண்டாட்டியாக இருந்தோம். குழாயைச் சேர்த்துத் தைத்து எட்டு மாதம் ஆன பிறகு எனக்கு நாள் தள்ளியது. யாரிடமும் சொல்லாமல் இரண்டாவது மாதமும் தள்ளட்டும் என்று காத்திருந்து லேடி டாக்டரிடம் போனேன். டெஸ்டில் கர்ப்பம் என்று வந்தது. டாக்டரே என் கையைப் பிடித்துக் குலுக்கினார். அன்று திங்கட்கிழமை. சாயங்காலம் அவர் சாப்பிட உட்கார்ந்தபோது சொன்னேன்.

"அப்படியா" என்றார். சாதத்தைப் பிசைந்துகொண்டே இருந்தார். பிறகு கையைக் கழுவிக்கொண்டு எழுந்துவிட்டார்.

அதிர்ச்சி, பாவம், நம்ப முடியவில்லை என்று நினைத்தேன். புழுக்கமாக இருக்கிறது என்று கூடத்தில் படுக்க ஆரம்பித்தார். ஆடி மாதப் புழுக்கம்தான், அதையும் நம்பினேன். அந்த நாட்களில் வழக்கத்துக்கு மாறாக இன்ஸ்டிட்யூட்டைப் பற்றி நிறைய விசாரித்தார். சாயங்கால பேட்ச் எத்தனை மணிக்கு முடியும், எல்லாரும் போன பிறகு பூட்டுவது யார், ஓனர் தினமும் வருவாரா, உனக்குக் கூட வர ஆள் உண்டா. இந்த நிலையில் நான் தனியாக வருவதை நினைத்துக் கவலைப்படுகிறார் என்று பூரித்துப்போய் ஒன்றுவிடாமல் சொன்னேன். ஓனர் நல்ல மாதிரி, நேரமானால் தானே பஸ் ஸ்டாண்டுவரை வந்து ஏற்றிவிடுவார் என்றுகூடச் சொன்னேன்.

அடுத்த வாரம், ஆடி கடைசி வெள்ளி, அவர் மல்லிகைப் பூவும் ஒரு கிலோ மைசூர்பாகும் வாங்கிக்கொண்டு வந்தார். வாசலிலேயே என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். பிள்ளைகளைக் கூப்பிட்டு, தம்பியோ தங்கச்சியோ வரப்போகிறது என்றார். தானே தட்டை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போய்க் கொடுத்தார். பதினோரு நாள் கழித்தாவது வாயைத் திறந்தாரே என்று நானும் அழுதேன். கல்யாணமான நாளிலிருந்து அவ்வளவு நிறைவாக நான் இருந்ததில்லை.

எட்டாம் மாதம், பொங்கல் முடிந்த வாரம், ஆஸ்பத்திரியில் பெயர் பதிய ரேஷன் கார்டு கேட்டார்கள். அலமாரியில் அவருடைய தட்டில் தேடினேன். ஆபீஸ் காகிதங்களுக்கு நடுவில் நாலாக மடித்த ஒரு லேப் சீட்டு கிடைத்தது. பழைய மெஷினில் அடித்தது, எழுத்துகள் வரி பிசகியிருந்தன, டைப் கற்றுக்கொடுப்பவளுக்கு அதுதான் முதலில் கண்ணில் படும். பிறகுதான் படித்தேன். அவர் பெயர், வயது. உயிரணு இருக்கிறது, எண்ணிக்கை போதுமானது, அசைவு நன்று. மேலே தேதி. அந்த ஆடி கடைசி வெள்ளியின் தேதி.

மிதிக்கவே மாட்டேன் என்ற வாசலை மிதித்திருக்கிறார். எனக்குக் குழந்தை வேண்டும் என்று கெஞ்சியபோது போகாதவர், குழந்தை வந்துவிட்டது என்று சொன்ன பிறகு போயிருக்கிறார். கூடத்துப் பாயும், பூட்டுவது யார் என்ற கேள்வியும், ஓனர் பஸ் ஸ்டாண்டுவரை வருவாரா என்பதும் ஒவ்வொன்றாக எனக்கு விளங்கின. வயிற்றுக்குள் அது உதைத்துக்கொண்டிருந்தது. நான் அலமாரிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அவர் வந்ததும் சீட்டை நீட்டினேன். வாங்கிப் பார்த்துவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்தார். மூன்றாம் மாதம் இல்லை என்று வந்ததே, எந்த ஆம்பளைக்குத்தான் மனசு அலையாது என்றார். சர்ஜன் இரண்டு தடவை சொன்னாரே என்றேன். அது காதில் ஏறவில்லை என்றார். அதுதான் இப்போது எல்லாம் சரியாகிவிட்டதே, ஏன் கிளறுகிறாய் என்றார்.

எனக்கு ஒன்றே ஒன்று தெரிய வேண்டியிருந்தது. அந்த வெள்ளிக்கிழமையும் சீட்டில் 'இல்லை' என்று வந்திருக்கலாம். சாம்பிள் சரியில்லாமல் போயிருக்கலாம், மைக்ராஸ்கோப்பில் பார்த்தவர் கவனக்குறைவாகப் பார்த்திருக்கலாம். அப்போதும் குழந்தை இதே குழந்தைதான், நானும் இதே நான்தான்.

"இல்லைன்னு வந்திருந்தா என்ன பண்ணியிருப்பீங்க?" என்றேன்.

அவர் சீட்டைப் பழையபடி நாலாக மடித்தார். ஏதாவது சமாதானம் சொல்லுவார், நானும் வழக்கம்போல் நம்பிவிடலாம் என்றுதான் நின்றுகொண்டிருந்தேன்.

"உங்கம்மா வீட்ல கொண்டுபோய் விட்டிருப்பேன்" என்றார்.

அத்தனை வருஷம் என்னிடம் பொய் சொன்ன மனுஷன், அந்த ஒரு தடவையும் பொய் சொல்லியிருக்கலாம்.